டயர் சந்து

இரும்புப் படி வைக்க வந்த வெல்டரைத்தான் அவர் முதலில் அடித்தார்.

வெல்டர் கொல்லையில் குனிந்து, படி எங்கே இறங்கும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இடுப்பில் ஒரு உதை. குப்புற விழுந்த மனிதர் எழுந்திருப்பதற்குள் விலாவில் அடுத்த உதை விழுந்தது.

"எவன்டா ஒன்னய உள்ள விட்டது? இது என்ன ஒங்கப்பன் வீட்டு எடமா?"

கேட்டவர் என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். என் மூத்தார். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்திலேயே டயர் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, பழைய டயர் வாங்கி விற்பது. தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். அந்தக் கைகளை அவர் மனைவிமீது பார்த்திருக்கிறேன். என்மீது விழும் என்று அதுவரை நினைத்ததில்லை.

கறம்பக்குடியில் ரோட்டோரம் எங்களுக்கு ஒரு மனை உண்டு. கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் வேரோடு சாய்ந்துவிட்டது. இனி தேங்காயை நம்பினால் ஆகாது என்று, குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் அந்த மனையில் கட்டடம் எழுப்பினார். அவர் அங்கே சம்பாதித்தார், நான் இங்கே நின்று கட்டினேன். கீழே கடைகள், அதில் ஒன்று என்னுடைய ஜெராக்ஸ் கடை. முதல் மாடியில் ஒரு தையல் கம்பெனி. இரண்டாம் மாடியில் காதுகுத்து, வளைகாப்பு வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன ஹால்.

ஹாலைத் திறக்க வேண்டுமென்றால் தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். தையல் கம்பெனி அம்மாவுக்கும் அது அவசரமாக வேண்டியிருந்தது. அவருக்கு ஆர்டர் தருகிற திருப்பூர்க்காரர்கள், சான்று இல்லாத கட்டடத்தில் தைத்தால் துணி எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். விண்ணப்பம் போட்டேன். தீயணைப்பு நிலைய அலுவலர் ஒரு காலையில் இரண்டு வீரர்களோடு பார்வைக்கு வந்தார்.

மொட்டை மாடியில் தீக்கென்று தனித் தண்ணீர்த் தொட்டி, மாடிக்கு மாடி ஹோஸ் குழாய், தீயணைக்கும் சிலிண்டர், மணல் வாளி, இருட்டிலும் தெரிகிற வழிகாட்டிப் பலகை என்று வரிசையாகச் சொன்னார். இதெல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். கிடைக்காத இரண்டைக் கடைசியாகச் சொன்னார்.

"இவ்வளவு பேரு கூடுற எடத்துக்கு ஒரே ஒரு படி போதாதுங்கம்மா. பின்னாடி வெளிப்பக்கமா இரும்புல இன்னொரு படி வைங்க. கொல்லையில எறங்கட்டும்."

"வச்சிடுறேன் சார்."

"கொல்லையில எறங்குனவங்க ரோட்டுக்கு எப்படி வருவாங்க?"

கீழ்க் கடைகளுக்குப் பின்வாசல் கிடையாது. சந்தைக் காட்டினேன். எங்கள் கட்டடத்துக்கும் மூத்தார் கடைக்கும் நடுவில் ரோட்டிலிருந்து கொல்லைவரை போகும் சந்து. சொத்து பிரிக்கும்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவென்று விட்டது. அதில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு, இடுப்புயரத்துக்கு, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு, பழைய டயர்கள் அடுக்கிக் கிடந்தன. லாரி டயர், டிராக்டர் டயர், மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிற டயர்கள். வலது பக்கம் அடுத்தவர் கட்டடம் சுவரோடு சுவர் ஒட்டி நின்றது. கொல்லையின் பின்சுவரில் ஒரு இரும்புக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் மூத்தாரின் வீட்டு முற்றம். அவர் எங்களோடு பேச்சை நிறுத்திய நாளிலிருந்து அது அவர்கள் பக்கம் பூட்டியே இருந்தது.

அலுவலர் ஒரு டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது எரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமாம்மா? தண்ணி ஊத்தினாலும் லேசுல அணையாது. பொகை கரியா வரும், மூச்சு முட்டியே ஆளு போயிரும். இது காலியானாத்தான் நான் எழுதித் தர முடியும்."

கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூத்தார் காறித் துப்பினார்.

"என் டயரு எரியும்னு இவரு ஜோசியம் சொல்றாரு. எரியும்போது வாங்க சார், பாத்துக்கலாம்."

அவருடைய கோபம் டயரைப் பற்றியதல்ல என்பது எனக்குத் தெரியும். தம்பி மாடிமேல் மாடி கட்டுகிறான், அண்ணன் பஞ்சர் ஒட்டுகிறான் என்று எதிர் டீக்கடையில் யாராவது ஒருத்தர் தினமும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு சாயங்காலம் வீட்டுக்குள் போய் அடியாக மாறும். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் சத்தம் கேட்கும்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளை நான் அக்கா என்பேன். மணமேல்குடிக்காரி. உயரமானவள், அதிகம் பேசமாட்டாள்.

"மாமா, டயர ஒங்க கடைக்குப் பின்னாடி அடுக்கிக்கலாம்ல? ஆளு வச்சி நானே தூக்கிப் போடச் சொல்றேன். சந்து மட்டும் காலியா இருந்தாப் போதும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்கா சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள். "அங்கிட்டு எடம் சும்மாதான கெடக்கு. போட்டா என்ன?"

அவ்வளவுதான். சோற்றோடு தட்டு பறந்தது. எவர்சில்வர் தட்டின் விளிம்பு அவள் புருவத்துக்கு மேலே பட்டுத் தரையில் உருண்டது. அக்கா கத்தவில்லை. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சிந்திய சோற்றை அள்ளத் தொடங்கினாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து சோற்றில் சொட்டியது.

"பாத்துட்டியா? கெளம்பு" என்றார் என்னிடம்.

கிளம்பினேன். ஆனால் அந்த வாரமே வெல்டருக்குச் சொல்லி அனுப்பினேன். கொல்லை எங்களுடையது. படி எங்கள் சுவரில்தான் ஏறப்போகிறது. அதை யாரும் தடுக்க முடியாது என்று நினைத்தேன்.

வெல்டர் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மூத்தார் மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"அவர விடுங்க மாமா. நாந்தான் வரச் சொன்னேன்."

"நீதான் சொன்னியா? அப்ப நீ வாங்கிக்க."

இடுப்பில் செருகியிருந்த, சக்கரம் கழற்றுகிற வீல் ஸ்பேனரை உருவினார். தலையைக் குறிவைத்துத்தான் ஓங்கினார். நான் இடது கையைத் தூக்கினேன். பச்சை முருங்கைக் கிளையை முறிப்பதுபோல ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. முழங்கைக்குக் கீழே கை இருக்கக்கூடாத பக்கம் மடங்கித் தொங்குவதை, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன். அவர் மறுபடியும் ஓங்கினார். நான் கீழே கிடந்த அரைச் செங்கல்லை வலது கையால் எடுத்து முகத்தைப் பார்த்து வீசினேன். நெற்றியில் பட்டது. அவர் பின்னால் சாய்ந்து டயர் அடுக்கில் மோதி, டயர்களோடு சரிந்தார்.

சந்து வாயில் கூட்டம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கிளாஸோடு வந்து நின்றார்கள். ஒருத்தர்கூட உள்ளே வரவில்லை. வெல்டர்தான் தட்டுத் தடுமாறி எழுந்து என்னை ஆட்டோவில் ஏற்றினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குலுங்கும்போது, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினேன். எனக்கு அவ்வளவு தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையில் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வார்டில் படுத்தபடியே போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தேன். அதற்குள் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, குடும்ப விஷயத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாமா என்றார்கள். அவர் நெற்றியிலும் தையல் போட்டிருக்கிறது, சரிக்குச் சரியாகிவிட்டது என்றார் ஒரு பெரியவர்.

என் கணவர் குவைத்திலிருந்து பேசினார்.

"அண்ணன் மேல கேஸு குடுத்தியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கைய ஒடிக்கும்போது ஒங்கண்ணன் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாராங்க?"

 "வாரேன். வந்து பேசிக்கிறேன். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாத" என்றார்.

வந்தார். என் கைக்கட்டைப் பார்த்ததும் கண் கலங்கியது. இருந்தும் மறுநாள் காலை வேட்டி கட்டிக்கொண்டு, பழத்தட்டோடு அண்ணனிடம்தான் சமாதானம் பேசப் போனார். நான் ஜெராக்ஸ் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படித் தொடங்கியதென்று தெரியாது. "பொண்டாட்டிய அடக்கத் தெரியாத பய" என்ற வார்த்தை மட்டும் சந்து தாண்டிக் கேட்டது. என் கணவர் ஏதோ சொன்னார். பளாரென்று அறை விழுந்தது. பழங்கள் ரோட்டில் உருண்டன.

ஐம்பது வயதை நெருங்குகிற இரண்டு ஆண்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், டயர் கடை வாசலில் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் தலையை ஒருவர் தரையில் மோதினார்கள். என் கணவரின் முன்பல் ஒன்று உடைந்து உதடு கிழிந்தது. மூத்தாரின் காதைக் கடித்துவிட்டார் இவர். பஸ் ஒன்று அவர்களுக்காக நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரித்துவிட்ட பிறகு என் கணவர் வாயில் ரத்தத்தோடு என்னிடம் வந்து, "என்னய்யா மனுசன் இவன்" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டார். எனக்குப் பரிதாபமாக இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

கை ஒடித்த கேஸ் ஸ்டேஷனில் இழுத்துக்கொண்டே கிடந்தது. அதன்பின் சந்துக்காகத் தாலுகா அலுவலகம்வரை போனோம். விசாரித்து, பொதுச் சந்தை அடைக்கக் கூடாது, டயர்களை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். போலீஸ் நிற்கும்போது மூத்தார் கொஞ்சம் எடுப்பார். அவர்கள் போனதும் திரும்ப வைப்பார். ஆனாலும் கறம்பக்குடிக்கு வெளியே ஆள் பிடித்து இரும்புப் படியை மாட்டிவிட்டோம். முதல் மாடிப் பின்கதவிலும் ஹால் பின்கதவிலும் தளம் விட்டு, கொல்லையில் இறங்குகிற மாதிரி. பெயின்ட் அடித்த அன்று அலுவலர் வந்து ஏறி இறங்கிப் பார்த்தார். படி சரி, சந்து இன்னும் சரியில்லை என்றார். தாலுகா அலுவலகத்திலிருந்து மூத்தாருக்குக் கடைசி நோட்டீஸ் வந்தது. மறுநாளைக்குள் எடுக்காவிட்டால் வண்டி வைத்து அள்ளிப் போவோம் என்று.

அந்த மறுநாள் மத்தியானம் அவர் குடித்துவிட்டு வந்தார்.

என் கணவர் விராலிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கடையில் யாருக்கோ ஆதார் அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். சந்துக்குள் மூத்தாரின் குரல் கேட்டது.

"டயர எடுக்கணுமா? எடுக்கிறேன்டா. ஒண்ணுகூட இல்லாம எடுக்கிறேன். வந்து அள்ளிப் பாருங்க."

டீசல் வாசனை வந்தது. பிறகு, பெரிய போர்வையை உதறுவதுபோல ஒரு சத்தம். மெஷினை விட்டுவிட்டு ஓடி எட்டிப் பார்த்தேன். சந்தின் முன்பாதி பற்றிவிட்டது. நெருப்பு கொஞ்சம்தான் தெரிந்தது. புகைதான். தார்போலக் கறுத்து, கனமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. எங்கள் உள்படியின் ஜன்னல்கள் எல்லாம் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருந்தன.

மேலே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடகட சத்தம் சந்தில் நன்றாகக் கேட்கும். ஆள் இருப்பது தெரியாது என்று பின்னால் அவர் சொன்னதை நான் நம்பவே இல்லை.

கடைக்கு வந்தவரிடம் தீயணைப்புக்குப் போன் அடிக்கச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, உள்படியில் ஓடினேன். பாதியிலேயே புகை கண்ணை அறைந்தது. முந்தானையை மூக்கில் வைத்து மேலே போய்க் கத்தினேன். மெஷின் நின்றதால் பெண்கள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள். பலரும் பழக்கத்தில் நான் வந்த படியை நோக்கித்தான் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அவள் பின்னால் வந்தவள்மேல் விழுந்தாள்.

"இங்கிட்டு வராதீங்கடி! பின்னாடி! பின்னாடி!"

பின்கதவை மறித்துத் துணிக்கட்டுகள் கிடந்தன. இழுத்தோம், உதைத்தோம், ஒருத்தி கத்தரியால் கட்டைக் கிழித்துத் துணியை வாரி எறிந்தாள். அதற்குள் அறைக்குள் புகை வந்துவிட்டது. இருமலும் அலறலும். ஒரு பெண் முன்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். அவளை முடியைப் பிடித்து இழுத்தேன். கையில் முடி மட்டும் வந்தது. அவள் ரோட்டுப்பக்கம் குதித்துவிட்டாள். கீழே விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க நேரமில்லை.

கதவு திறந்தது. ஒருத்திமேல் ஒருத்தி இடித்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினோம். படி ஆடியது, ஆனால் நின்றது. கொல்லையில் இறங்கினால் சந்துப்பக்கம் முழுக்க நெருப்பு. புகை இப்போது கொல்லைக்குள்ளும் கவிழ்ந்து வந்துகொண்டிருந்தது. பின்சுவர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மிச்சம் அந்த இரும்புக் கதவு மட்டும்தான். எல்லாரும் அதன்மேல் போய் விழுந்து தட்டினோம்.

"அக்கா! கதவத் தொற! அக்கா!"

"சாவி அவருகிட்ட இருக்கு" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல். "பொறு. பொறுங்க ஆத்தா."

காலடி ஓடியது. திரும்பி வந்தது. பூட்டின்மேல் கடப்பாரை விழும் சத்தம். ஒரு அடி. இன்னொரு அடி. கதவு அதிர்ந்து எங்கள் நெற்றியில் மோதியது. பிறகு வேறொரு குரல் கேட்டது.

"என்னடி செய்யிற?"

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் கடை வழியாக வீட்டுக்குள் புகுந்து வந்திருந்தார். அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் அறைந்தார். அவள் கடப்பாரையை விடவில்லை. வயிற்றில் முழங்காலால் குத்தினார். மடிந்து உட்கார்ந்தாள். முதுகில் மிதித்தார்.

"உள்ள ஆளு இருக்கு" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "பொம்பளைப் பிள்ளைக இருக்குதுங்க."

"இருக்கட்டும்டி."

அந்த வார்த்தையை இந்தப் பக்கம் நின்ற எல்லாரும் கேட்டோம். 

அக்கா உட்கார்ந்த நிலையிலேயே கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து, நெல் அறுக்க அரிவாளை வீசுவதுபோலத் தரைக்கு இணையாக வீசினாள். அது அவர் முழங்காலில் பட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் மாடு கத்துவதுபோலக் கத்திக்கொண்டு விழுந்தார். விழுந்தவரை அவள் இன்னொரு முறையும் அடித்தாள், அதே காலில். பிறகுதான் எழுந்து பூட்டுக்கு வந்தாள்.

கதவு திறந்தபோது அவள் முகம் தெரியவில்லை. முடியும் ரத்தமும்தான். எங்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். வாசல் குறுகல். அவர் வழியில் கிடந்தார். பெண்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள், சிலர் மிதித்துக்கொண்டும் ஓடினார்கள். புகையில் தெரியாமல் மிதித்திருக்கலாம். நான் தெரிந்துதான் மிதித்தேன்.

தீயணைப்பு வண்டி வந்து, நுரை அடித்து, சாயங்காலம்வரை போராடித்தான் சந்து அடங்கியது. எங்கள் கட்டடத்தின் அந்தப் பக்கம் தலையிலிருந்து கால்வரை கரியாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் வெடித்திருந்தன. நிலைய அலுவலர் முகமெல்லாம் கரியோடு வந்து, உள்ளே யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகும் வீரர்களை அனுப்பி மாடி மாடியாகத் தேடச் சொன்னார்.

குதித்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. பிழைத்தாள். இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். தையலுக்கு அவள் திரும்பி வரவில்லை.

போலீஸ் வந்தபோது சொந்தக்காரர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தவறி விழுந்துவிட்டார் என்று சொல், இல்லாவிட்டால் உன்மேலும் கேஸ் வரும் என்றார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தாங்க அடிச்சேன். ரெண்டு அடி. மொத அடி கதவத் தொறக்க. ரெண்டாவது அடி எனக்கு. அப்படியே எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

மூத்தார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சிறைக்குப் போனார். சில மாதம் கழித்து ஜாமீனில் வந்து, இப்போது அரிமளத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். அந்தக் கால் மடங்குவதில்லை. ஜாமீனுக்கு வக்கீல் வைத்தது யார் என்று எனக்கு வெகு நாள் தெரியாது. தெரிந்த அன்று என் கணவர் குவைத்திலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வச்சீங்களா?"

"கூடப்பொறந்தவன். ஜெயில்ல சாகட்டும்னு விடச் சொல்றியா?"

போனைச் சுவரில் எறிந்தேன். சுக்கல் சுக்கலாகச் சிதறியது. அதன்பின் நாங்கள் பிள்ளைகள் வழியாகத்தான் வெகு காலம் பேசிக்கொண்டோம். இப்போது பேசுகிறோம். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் தொடுவதில்லை.

அக்கா மணமேல்குடிக்குப் போய்விட்டாள். தம்பி வீட்டுக்கு அடுத்தாற்போல் வாடகைக்கு இருந்து கருவாடு வியாபாரம் செய்கிறாள். வாய்தாவுக்குப் புதுக்கோட்டை கோர்ட்டுக்கு வருவாள். நானும் போவேன். வராண்டாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஒருமுறை கேட்டேன்.

"பயமா இல்லையாக்கா, ஜாமீன்ல வெளிய இருக்காரே?"

"கடப்பாரைய வீட்டுல வாசக்கதவு ஓரமாத்தான் வச்சிருக்கேன்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

கட்டடத்தைச் சுரண்டி, பூசி, வெள்ளையடித்து, மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். சந்து துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. படி ஜன்னல்களைச் சந்துப்பக்கம் அடைத்து ரோட்டுப்பக்கம் திறக்கச் சொன்னார் அலுவலர். செய்தேன். பின்சுவர்க் கதவுக்குப் பூட்டே இருக்கக்கூடாது, எந்தப் பக்கமிருந்தும் கையால் திறக்கிற தாழ் போதும் என்றார். வீட்டுக்காரி என்ற முறையில் அக்கா கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தாள். மாவட்டத் தீயணைப்பு அலுவலரும் வந்து பார்த்தார். ஹோஸில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், அலாரத்தை அடித்துப் பார்த்தார்கள். அந்த அலாரம் அடித்ததும் நான் பின்கதவை நோக்கி ஓடினேன். நிறுத்தியும் நிற்கவில்லை. தையல் கம்பெனி அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

சான்று வந்தது. வந்த அன்று சந்தோஷம் எதுவும் வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு உள்படி வாசலில் மாட்டிவிட்டு, கடைக்குள் போய் யாருக்கோ ரேஷன் கார்டைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஹாலில் முதலில் நடந்தது ஒரு காதுகுத்து. ஆட்டுக்கறி விருந்து. மத்தியானப் பந்தி நடக்கும்போது மேலே போய்ப் பார்த்தேன். இரும்புப் படிக்குப் போகும் கதவை மறைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி, அதன்மேல் சீர்த் தட்டுகளை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். நல்லநேரம் முடியட்டும் என்றார்கள். நானே நாற்காலிகளை இழுத்தேன். சீர்த் தட்டு ஒன்று சரிந்து தேங்காய் உருண்டது. தாய்மாமன் முறைக்காரர் ஒருவர், நன்றாகக் குடித்திருந்தவர், என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"சீரத் தட்டிவிடுறியே, பொம்பளையா நீ? தீயா புடிச்சிருக்கு இங்க?"

யோசிக்கவே இல்லை. கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். மைக்கில் மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் வாயை மூடினார்.   அந்த ஆள் கையை ஓங்கினார். நானும் அடுத்த அறைக்குத் தயாராகத்தான் நின்றேன். பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தாள் ஒருத்தி. அன்றைக்கு என் கையால் நெஞ்சில் தள்ளுப்பட்டு விழுந்த தையல்காரப் பெண். அந்த வீட்டுக்குச் சொந்தமாம். எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் வந்து நின்று சொன்னாள்.

"சித்தப்பா, பேசாம நாற்காலியத் தூக்குங்க."

அவர் தூக்கினார். மற்றவர்களும் வந்து தூக்கினார்கள். கதவைத் திறந்து பார்த்து, வழி சுத்தமாக இருக்கிறதென்று தெரிந்த பிறகு கீழே இறங்கினேன். உள்ளங்கை சாயங்காலம்வரை எரிந்துகொண்டே இருந்தது.